எனக்கு வராத மஞ்சள் காமாலை

இந்த வயதுவரை எனக்கு மஞ்சள் காமாலை வந்ததே இல்லை. ஆனால் அப்போது புதுக்கடை ஜங்ஷனில் யாரைக் கேட்டிருந்தாலும், பாத்திரக்கடைக்காரன் காமாலை வந்து படுத்த படுக்கையாகக் கிடக்கிறான் என்றுதான் சொல்லியிருப்பார்கள். கிளப்பிவிட்டது என் அண்ணன். தலையாட்டியது நான்.

நடந்தது வேறு. பல மாதமாகத் தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை, எதற்கென்று தெரியாமல் அழுகை வரும். ஒரு நாள் காலையில் கடைப் பூட்டைத் திறந்தவன், ஷட்டரைத் தூக்க முடியாமல் படியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். கையில் பலமில்லாமல் இல்லை. உள்ளே போய் ஒரு நாள் முழுக்க இருக்க வேண்டுமே என்பதைத்தான் நினைக்க முடியவில்லை. என் மனைவி வந்து ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனாள். மறுநாளே நாகர்கோவிலில் மனநல டாக்டரிடம் கூட்டிப்போனாள். மனச்சோர்வு நோய், மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுங்கள், கொஞ்ச நாள் ஓய்வெடுங்கள், சரியாகிவிடும் என்றார் டாக்டர்.

அன்று மாலையே அண்ணன் வந்தான்.

"வெளிய மூச்சு விடப்பிடாது, கேட்டியா? கல்யாணத்துக்குப் பாத்திரம் எடுக்க வாறவன் கிறுக்குப் பிடிச்சவன் கடைக்கா வருவான்? மஞ்சக் காமாலைன்னு சொல்லியாச்சு."

அவன் பயத்தில் நியாயம் இருந்தது. எங்கள் வியாபாரமே கல்யாண வியாபாரம்தான். மகளுக்குச் சீர் எடுக்க வருகிறவர்கள் கடைக்காரன் முகராசிகூடப் பார்ப்பார்கள். கடை போனால் சோறு போச்சு. அந்தப் பொய் எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. என் மனைவிக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. வாயை அடக்குகிற ஆளில்லை அவள். எனக்காக அன்று அடக்கினாள்.

காமாலை என்றதும் தெருவே திரண்டுவிட்டது. எங்கள் பக்கம் ஒருவருக்கு உடம்புக்குச் சோக்கேடு என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போகாமல் இருந்தால், அதை ஏழு தலைமுறைக்கும் சொல்லிக்காட்டுவார்கள். எதிர்வீட்டு பஸ் டிரைவர் தினமும் விடிந்ததும் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கி எடுத்து வருவார். நான் கடைசிச் சொட்டுவரை குடிக்கிறேனா என்று பக்கத்திலேயே நிற்பார். உப்பு ஆகாது, எண்ணெய் ஆகாது, மீன் ஆகவே ஆகாது. ஆள் மாற்றி ஆள் வந்து உட்கார்ந்திருக்கும்போது சாளை மீன் குழம்பா வைக்க முடியும்? உப்பில்லாத கஞ்சியைக் குடித்துக்கொண்டு கிடந்தேன். என் கண்ணை இழுத்துப் பார்த்து, "மஞ்சள் நல்லா இறங்கிட்டு" என்று சொன்னவர்களும் உண்டு! இல்லாத மஞ்சள் எங்கிருந்து இறங்கும், சவம்!

பதினொன்றாம் நாள் அவளுக்குப் பொறுக்கவில்லை. டிரைவர் வாசலில் வந்து நின்றதும் மறித்துவிட்டாள்.

"அண்ணே, இனி இது வேண்டாம். டாக்டர் தந்த மாத்திரையோட கண்டதையும் சேத்துக் குடுக்க எனக்குப் பயமா இருக்கு. இவருக்குக் காமாலையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. மனசுக்குத்தான் சொகமில்ல. அதுக்குத்தான் மாத்திரை திங்காரு."

"ஓ… அப்படியா," என்று இழுத்துவிட்டு அவர் திரும்பிப் போய்விட்டார். அன்று மத்தியானத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துபோனது. மறுநாள் ஒருவரும் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. ஜன்னல் வழியே பார்த்தால், போகிறவர்கள் எங்கள் வீட்டுக்கு நேரே வந்ததும் நடையை எட்டிப் போட்டார்கள்.

"என்னைக் கொன்னுட்டியே ஏட்டி! கடையை இழுத்து மூடிர வேண்டியதுதான்," என்று கத்தினேன்.

அவள் அசையவில்லை. "பொய்க்கு அத்தனை பேரு வந்தாவல்லா? நெசத்துக்கு ஒருத்தருமா வரமாட்டாவ? அதையும் பாத்திருவோம்."

சொன்ன கையோடு எதிர்வீட்டு கேட்டில் போய் நின்றாள். நான் ஜன்னலை ஒட்டி நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, நீங்க கால் ஒடிஞ்சு கிடந்தப்போ ஒரு மாசம் சோறு கொண்டு வந்தேன். குடிச்சிட்டு பைக்கில இருந்து விழுந்த காலுன்னு தெரிஞ்சுதான் கொண்டு வந்தேன். ஒரு வார்த்தை கேட்டிருப்பேனா? இப்போ எங்க வீட்டுக்காரருக்குச் சோக்கேடு. பாக்க வரமாட்டியளா?"

முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். அதற்கடுத்த வீட்டுக்கும் போனாள். எனக்கு மானம் போயிற்று என்றுதான் அப்போது தோன்றியது. எனக்காக ஒரு மனுஷி வாசல் வாசலாகப் போய் நிற்கிறாள் என்பது உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. உறைத்தபோது நின்ற இடத்திலேயே அழுதேன். அந்த அழுகைக்குக் காரணம் எனக்குத் தெரிந்திருந்தது.

சாயங்காலம் டிரைவர் ஒரு சீப்பு மட்டிப்பழத்தோடு வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். பழத்தைக் கீழே வைத்தார். பிறகு தயங்கித் தயங்கி, "இது… பகருமா?" என்றார். தொற்றிக்கொள்ளுமா என்று கேட்கிறார்.

அடுக்களையிலிருந்து அவள், "பகரும்னா, இத்தனை வருசமா கூடக் கிடக்கிற எனக்கில்லியா முதல்ல வந்திருக்கணும்!" என்றாள்.

அவர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன், எத்தனையோ மாதத்துக்குப் பிறகு. அப்புறம் அவர் எந்த நோயாளியிடமும் கேட்கிற கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டார். எப்போ தொடங்கிச்சு, உறக்கம் உண்டா, எத்தனை மாத்திரை, டாக்டர் என்ன சொன்னாரு. எல்லாவற்றுக்கும் நானே பதில் சொன்னேன்.

பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். எல்லாரும் வரவில்லை. அண்ணன் இரண்டு மாதம் எங்களோடு பேசவில்லை. கல்யாண வியாபாரத்தில் சிலது கைவிட்டுப் போனதும் உண்மை. அவள் அதற்கெல்லாம் கலங்கவில்லை. நான் கடையைத் திறந்த நாள்முதல் அவளும் கூட வந்து பில் மேசையில் உட்கார்ந்தாள்.

ஒரு நாள் கடைக்குள் ஒரு பெண்வீட்டார், சீருக்கு வெண்கல உருளி பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜங்ஷனில் பஸ் வந்து நின்றது. சீட்டில் இருந்தபடியே டிரைவர் எட்டிப் பார்த்து ஒரு சத்தம் போட்டார்.

"ஓய், மாத்திரை தின்னீரா?"

பஸ் முழுக்கக் கேட்டிருக்கும். பெண்ணின் அம்மா திரும்பி, "என்ன மாத்திரை?" என்றார். பிரஷர் என்று சொல்லியிருக்கலாம், நாக்கு நுனிவரை வந்தது. அவள் பேனாவை வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். எனக்குப் பதிலாக அவள் பேசவில்லை.

"மனசுக்குச் சொகமில்லாம இருந்துது. அதுக்கு உள்ள மாத்திரை," என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். வெளியே பார்த்து, "தின்னாச்சு ஓய்!" என்று நானும் சத்தம் போட்டேன்.

அந்த அம்மா என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு உருளியைக் கையில் தூக்கிப் பார்த்தார்.

"இதைவிடப் பெருசு உண்டா?"

"உண்டு," என்று ஏணியை எடுத்தேன்.