குப்புறக் கிடந்த பலகை

ஆஸ்பத்திரியில் அப்பாவைப் பார்க்க வந்தபோதுகூட, ஆடிய கட்டிலைச் சரி செய்துவிட்டுத்தான் நலம் விசாரித்தான் என் தம்பி. வாத்தியங்களைப் பழுது பார்ப்பது அவன் தொழில். தன் மகளின் டபுள் பேஸை மட்டும் வருஷக்கணக்கில் தொடவில்லை.

ஆள் உயர வயலின் போன்ற அந்த வாத்தியம் முனகுமே தவிர, பாடாது. "செஞ்சவன் மேல்பலகையைக் கதவு மாதிரி தடியா விட்டுட்டான்" என்பான். வாத்தியக் குழுவில் சேர மகளுக்குத் தேர்வு வந்த பிறகுதான் துணிந்து பலகையைக் கழற்றினான். உட்பக்கத்தைச் சீவி மெலிதாக்க வேண்டும். அளவு மீறினால் தந்திகளின் அழுத்தத்தில் பலகை அமுங்கிவிடும். அவளுக்கு வேறு வாத்தியம் கிடையாது.

பலகையைப் பிடித்துக்கொள்ள என்னைக் கூப்பிட்டான். நர்ஸான எனக்கு அது படுக்கை நோயாளியைப் பிடிப்பது போலத்தான். விரல் நுனியால் அழுத்தாமல் உள்ளங்கையால் தாங்கினேன். சுருள் சுருளாக மரம் உதிர்ந்தது. நடுவில் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தவன் முகம் வெளுத்துவிட்டது.

"அக்கா, கெடுத்துட்டேன்."

"கையை வெட்டிக்கிட்டியா?"

"கையா இருந்தா ஆறிடுமே! முகப்பு மேல இருக்கும்போது இடது பக்கம் கனம்னு பார்த்து வச்சேன். குப்புறப் போட்டப்புறமும் அதே இடதையே சீவிட்டேன்."

மெலிந்த பக்கத்தையே மேலும் மெலித்திருக்கிறான். அடுத்தவர் வாத்தியத்தில் ஒருநாளும் செய்யாத தப்பு.

"அளந்து பார்த்துட்டு அழு."

"பயமா இருக்கு."

"ஊசி போடறவ கண்ணை மூடிக்கலாமாடா?"

அப்போது அவன் மகள் உள்ளே வந்தாள். "என்னப்பா, பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க?"

நான்தான் சொன்னேன். அவள் தடிமன் பார்க்கும் கவையை எடுத்து, சீவிய பக்கம் முழுக்க நகர்த்தி, எண்களை உரக்கப் படித்தாள். இன்னொரு தடவை படிக்கச் சொன்னான். பிறகு முக்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான். சீவி முடித்ததும் இருக்க வேண்டும் என்று அவன் நினைத்திருந்த தடிமனுக்குத்தான் அந்தப் பக்கம் வந்திருந்தது.

"நீங்கதானேப்பா கதவுன்னீங்க? கதவைச் சீவினா உடனே காகிதம் ஆயிடுமா?" என்றாள்.

"அத்தையும் மருமகளும் சேர்ந்து கிண்டல் பண்ணுங்க" என்று மூக்கை உறிஞ்சினான். பிறகு சாக்கட்டியால் இரு பக்கமும் 'இடது', 'வலது' என்று பெரிதாக எழுதிவிட்டு, கனத்த பக்கத்தைச் சீவினான்.

ஒட்டிக் காய்ந்து, தந்தி கட்டிய அன்று, அவள் வில்லை அடித்தந்தியில் வைத்து இழுத்தாள். அலமாரியில் ஆணி டப்பாக்கள் கிலுகிலுத்தன. என் செருப்புக்கடியில் தரை அதிர்ந்தது. நிறுத்தாமல் வாசித்தாள், சிரித்துக்கொண்டே வாசித்தாள்.

திரும்பிப் பார்த்தால் தம்பியைக் காணோம். பட்டறைப் பெஞ்சில் குப்புறப் படுத்து, குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

திருப்பிப் போடாமல் விட்டுவிட்டேன்.