கரண்ட் இருந்த வீடு

புயலுக்குப் பிறகு எங்கள் தெருவில் கரண்ட் இருந்த ஒரே வீடு பெரியப்பாவின் வீடுதான். அதற்கு அவர் சாக வேண்டியிருந்தது.

போலகத்தை இரவெல்லாம் புரட்டிப் போட்ட காற்று, விடிந்தபோது ஒன்றும் தெரியாததுபோல ஓய்ந்திருந்தது. மின்கம்பங்கள் வயலுக்குள் படுத்துக் கிடந்தன. டிரான்ஸ்ஃபார்மர் வாய்க்காலில் தலைகுப்புற விழுந்து குளித்துக்கொண்டிருந்தது. பெரியப்பா கொல்லைக்குப் போய், சாய்ந்த தென்னைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு வந்தார். வாசல்படியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். பெரியம்மா சொம்போடு வருவதற்குள் போய்விட்டார்.

அவர்களுக்கு ஒரே மகன். எனக்கு அண்ணன் முறை. குவைத்தில் வேலை.

"அவன் வந்து மொகத்தப் பாக்காம எடுக்கக் கூடாது," என்றார் பெரியம்மா. ஒரு தடவைதான் சொன்னார். பெரியப்பாவின் தம்பியான என் அப்பாவுக்கு அது போதும். விழுந்த மரங்களை அறுத்து வழி பண்ணி, திருமலைராயன்பட்டினத்திலிருந்து மினி லாரியில் ஐஸ் பெட்டியைக் கொண்டுவந்துவிட்டார். பெட்டிக்குத் தீனி போட ஒரு ஜெனரேட்டரும் கூடவே வந்தது. கண்ணாடி மூடிக்குள் பெரியப்பாவைப் படுக்க வைத்தார்கள். வாசலில் ஜெனரேட்டர் உறுமியதும், கூடத்தில் டியூப் லைட் இரண்டு முறை கண்சிமிட்டிவிட்டு எரிந்தது.

எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். பெரியப்பாவை எனக்குப் பிடிக்கும். அழ முயன்று பார்த்தேன், வரவில்லை. லைட்டைக் கண்டதும் சந்தோஷம் மட்டும் தானாக வந்துவிட்டது. எல்லோரும் அழுகையை அடக்கிக்கொண்டிருந்த வீட்டில், சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்ற ஒரே ஜீவன் நான்தான்.

எதிர்வீட்டு அக்கா முதலில் வந்தார். பெட்டியின் மேல் விழுந்து, உண்மையாகவே நெஞ்சு வெடிக்க அழுதார். பிறகு எழுந்து மூக்கைச் சிந்திவிட்டு, இடுப்பிலிருந்து ஒரு ஃபோனையும் சார்ஜரையும் எடுத்தார். "தம்பி, இத ஒரு ஓரமா சொருகி வையேன். எங்க அம்மா ஊர்ல என்னமோ ஏதோன்னு தவிச்சுக் கெடக்கும்."

அதற்குப் பிறகு தெருவே வந்தது. ஆம்பளைகள் சட்டைப் பையிலும், பெண்கள் முந்தானை மறைவிலும் சார்ஜரோடு துக்கம் விசாரிக்க வந்தார்கள். ஜெனரேட்டர்காரர் கொண்டுவந்திருந்த ஜங்ஷன் பாக்ஸுக்கு நான் பொறுப்பாளியானேன். யாரும் நியமிக்கவில்லை, நானே பதவி ஏற்றுக்கொண்டேன். நன்றாக அழுதவர்களின் ஃபோனுக்கு முதலிடம் என்று சட்டமும் போட்டேன். தையற்கடைக்காரர் அழாமல் கைகட்டி நின்றுவிட்டு ஃபோனை நீட்டினார்.

"வரிசையில நில்லுங்க மாமா."

"என்னடா வரிச? பொணத்துக்கா, ஃபோனுக்கா?"

அம்மா என் தலையில் ஒன்று வைத்தார். "எழவு வீட்டுல உக்காந்து கலெக்டர் வேல பாக்குறியா?"

ஃபோன் நிறையும் வரை யாரும் வீட்டுக்குப் போகவில்லை. அதனால் பெரியம்மாவைச் சுற்றி எந்நேரமும் ஆள் இருந்தது. பெரியப்பாவுக்கு இவ்வளவு வேண்டியவர்களா என்று வெளியூர்க்காரர் ஒருவர் ஆச்சரியப்பட்டார்.

ஃபோனில் சார்ஜ் ஏறினாலும் ஊரில் டவர் இல்லை. பெரிய வாய்க்கால் பாலத்தின் மேல் ஏறி நின்றால் ஒரு கோடு சிக்னல் கிடைக்கும். அப்பா அங்கே போய்த்தான் அண்ணனோடு பேசினார். நானும் ஒட்டிக்கொண்டு போனேன். அப்பா எனக்கு முதுகைக் காட்டி நின்று, பேசியதைவிட அதிகம் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "சரிப்பா, நான் பாத்துக்குறேன்," என்றார். வீட்டுக்கு வந்து பெரியம்மாவிடம், "கெளம்பிட்டான் அண்ணி. டிக்கெட் போட்டாச்சு," என்றார்.

அதைத் தெரு முழுக்கச் சொன்னவன் நான்தான். சொல்லும்போதே, அண்ணன் கொண்டுவரும் பெட்டியில் என்னென்ன மிட்டாய் இருக்கும் என்று மனசுக்குள் பிரித்துப் பார்த்துக்கொண்டேன்.

அடுத்த நாள் டீசல் தீர்ந்துகொண்டே வந்தது. அப்பா காரைக்கால் வரைக்கும் சைக்கிளை மிதித்து, வரிசையில் நின்று, காலி கேனோடு திரும்பினார். ஜெனரேட்டர் இருமும்போதெல்லாம் பெரியம்மா நிமிர்ந்து டியூப் லைட்டைப் பார்த்தார். பொழுது சாய்கிற நேரத்தில், பெரியப்பாவோடு பள்ளிக்கூடத்தில் படித்த பட்டினத்து மீனவர் ஒருவர் தோளில் கேனைச் சுமந்துகொண்டு வந்தார்.

"போட்டு ரெண்டா ஒடஞ்சு கரையில கெடக்கு. டீசல் மட்டும் எதுக்கு? இங்கயாவது எரியட்டும்," என்றார் அப்பாவிடம். பெட்டிக்குப் பக்கத்தில் போய்க் கண்ணாடியில் கையை வைத்தார்.

"ஃபோன் சார்ஜ் போடணுமா மாமா?" என்று சலுகை காட்டிக் கேட்டேன்.

"அது கடல்ல போச்சு தம்பி."

பெரியம்மா என்னைத்தான் அடிக்கடி கூப்பிட்டுக் கேட்டார். "இப்ப எங்கடா வந்திருப்பான்?"

பூகோளத்தில் நான் புலி. "கடலுக்கு மேல வந்துகிட்டிருப்பாங்க பெரியம்மா. மும்பையில எறங்கி வேற ப்ளேன் மாறணும்." அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்பார். அரபிக்கடலின் மேல் அண்ணனை நான் அன்றைக்கு முழுக்கப் பறக்க விட்டேன்.

மறுநாள் காலையில் டவர் வந்தது. ஜங்ஷன் பாக்ஸைச் சுற்றிக் கிடந்த அத்தனை ஃபோன்களும் ஒரே நேரத்தில் உயிர் பெற்றன. ஒன்று சாமி பாட்டுப் பாடியது, ஒன்றில் குழந்தை சிரித்தது, தையற்கடைக்காரருடையது தவளை மாதிரிக் கத்தியது. ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தவர்கள் பாதியில் நிறுத்திவிட்டு, தங்கள் ஃபோனைத் தேடி என் மேல் விழுந்தார்கள். அந்தக் கூட்டத்துக்கு அடியில் பெரியம்மாவின் ஃபோனும் அடித்தது. அண்ணன் வாங்கி அனுப்பியது அது. நான்தான் எடுத்தேன். வீடியோவில் அண்ணன் முகம். பின்னால் ஒன்றின் மேல் ஒன்றாகக் கட்டில்கள், கட்டில் கம்பியில் யாரோ காயப்போட்ட சட்டை.

"அண்ணன் ப்ளேன்லேருந்து பேசுறாங்க," என்று கத்தினேன். ரயிலில் படுக்கை இருக்கும்போது ப்ளேனில் இருக்காதா என்ன?

யாரும் சிரிக்கவில்லை. அப்பா எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

பெரியம்மா ஃபோனை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். "சாப்புட்டியாடா?" என்றார்.

அண்ணன் அழுதார். "பாஸ்போர்ட்டு கம்பெனிக்காரன்கிட்ட இருக்கும்மா. எவ்வளவோ கெஞ்சிப் பாத்துட்டேன்."

"சரி ராசா. சரி. அழுவாத. அப்பாவப் பாக்குறியா?"

ஃபோனைக் கண்ணாடிக்கு மேல் பிடித்தார். கண்ணாடியில் பனி படர்ந்திருந்தது. முந்தானையால் துடைத்தார். பிறகு என்னிடம் கொடுத்து, "நல்லா புடிடா, அசைக்காம," என்றார். டியூப் லைட் கண்ணாடியில் பட்டுக் கூசியது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்து, "அண்ணே, இப்பத் தெரியுதா? லைட்டு அடிக்குதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். வேலையில் அவ்வளவு சுத்தம். தெரிகிறது என்று அண்ணன் தலையை மட்டும் ஆட்டினார்.

ஃபோன் அணைந்ததும் பெரியம்மா வாசலைப் பார்த்துச் சொன்னார். "எடுத்துருங்க தம்பி."

அப்பா உள்ளே வந்தார். "அண்ணி, நான் அன்னைக்கே சொல்லியிருக்கணும். எனக்கு வாய் வரல..."

"எனக்கும் தெரியும் தம்பி. பாலத்துலேருந்து நீங்க வந்த நடையிலேயே தெரிஞ்சிச்சு. மெஷின நிறுத்தச் சொல்லுங்க."

தெரிந்தும் என்னிடம் ஏன் அத்தனை தடவை கேட்டார் என்று எனக்குக் குழப்பமாக இருந்தது. என் பூகோளத்தைச் சோதித்திருக்கிறார் போல என்று முடிவு செய்துகொண்டேன்.

விறகுக்கு அந்த வருஷம் பஞ்சமில்லை. ஆனால் எல்லாம் ஈரம். அப்பாதான் கொள்ளி வைத்தார். அவர்கள் சுடுகாட்டிலிருந்து திரும்புவதற்குள் ஜெனரேட்டரும் பெட்டியும் லாரியில் ஏறிவிட்டன. தெருக்காரர்கள் ஃபோனைப் பிடுங்கிக்கொண்டு கலைந்தார்கள். என் பதவியும் போனது. சாயங்காலம் பெரியம்மாவுக்குத் துணையாக அம்மா மட்டும் ஒரு மெழுகுவர்த்தியோடு உட்கார்ந்திருந்தார்.

கருமாதியெல்லாம் முடிந்து பல நாள் கழித்துத்தான் ஊருக்குக் கரண்ட் வந்தது. விளக்கு வைக்கும் நேரம். தெரு முழுக்க 'ஓ'வென்று சத்தம். டிவிகள் ஒவ்வொரு வீட்டிலும் விட்ட இடத்திலிருந்து அலறத் தொடங்கின. நான் பெரியம்மா வீட்டுக்கு ஓடினேன். கூடத்தில் டியூப் லைட் எரிந்துகொண்டிருந்தது. நான் பார்க்கும்போதே பெரியம்மா எழுந்து வந்து அதை அணைத்தார்.

பழக்கதோஷத்தில் அணைத்துவிட்டார் என்று நினைத்து நான் சுவிட்சைப் போட்டேன். அவர் மறுபடி எழுந்து வந்து அணைத்தார். சரி, விளையாட்டுக்கு ஆள் கிடைத்தது என்று எனக்கு ஒரே குஷி. மறுபடியும் போட்டேன்.

இந்த முறை அவர் எழுந்திருக்கவில்லை. கூடத்தின் நடுவில், ஐஸ் பெட்டி இருந்த இடத்து வெறும் சிமெண்ட் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நான் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தேன். அவர் வருவதாக இல்லை.

நான் ஜெயித்துவிட்டேன் என்று கத்திக்கொண்டே வீட்டுக்கு ஓடினேன்.