நங்கூரம் மெடலை நிறுத்த கதை

நங்கூரம் என்றால் கப்பல் சாமான் அல்ல, ஆள். எடைமேடையில் வேலை. லாரி ஏறி நின்றதும் பொத்தானை அமுக்கி, சீட்டைக் கிழித்துக் கொடுத்து, டிரைவரிடம் திட்டு வாங்குவது அவருடைய உத்தியோகம். பட்டப்பெயர் வந்தது இளவட்ட வயதில், மில் அணிக்காகக் கயிறு இழுத்தபோது. வரிசையில் கடைசி ஆளுக்கு அதுதான் பெயர். கயிற்றை உடம்பில் சுற்றிக்கொண்டு பின்னால் சாய்ந்துவிட வேண்டும். என்ன ஆனாலும் விடக்கூடாது. அதற்கு அவரைவிடப் பொருத்தமான சதை ஊரில் கிடையாது. அணி ஜெயித்தது, கழுத்தில் தங்க மெடல் விழுந்தது. அன்றைக்குச் சாய்ந்த மனுஷன் வீட்டில் இன்னும் நிமிரவில்லை என்பது மனைவியின் கட்சி.

கல்யாணப் பேச்சிலேயே “தங்கம் வாங்கின மாப்பிள்ளை” என்று அடித்துவிட்டார்கள். அதனால் அது தங்கம்தானா என்ற சந்தேகத்தை நங்கூரம் மனசுக்குள்கூடச் சத்தமாக நினைத்ததில்லை.

அதற்கும் வேளை வந்தது, மனைவியின் முன்பல் வழியாக. குளியலறையில் வழுக்கி விழுந்ததில் பல் போயிற்று. அவள் சிரித்தால் அடுத்த தெருவில் தூங்குகிற நாய் எழுந்து உட்காரும். இப்போது சிரிப்பு வந்தாலே உள்ளங்கை வாயை மூடியது. பிறகு சிரிப்பு வருவதே நின்றது. வீடு ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி ஆகிவிட்டது. பல் டாக்டர் சொன்ன தொகையைக் கேட்டு நங்கூரத்துக்கு மீதிப் பற்களும் ஆடின.

“மெடலை வித்துடலாம்” என்று அவரேதான் சொன்னார். சொன்ன பிறகுதான் அந்தப் பழைய சந்தேகம் ஞாபகத்துக்கு வந்தது.

முதலில் எடை தெரிய வேண்டாமா? மறுநாள் மெடலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். லோடு வண்டி எடையில் காலி வண்டி எடையைக் கழித்தால் சரக்கு, தொழில் சுத்தம். மெடலோடு ஏறி நின்றார், மெடல் இல்லாமல் ஏறி நின்றார், கழித்தார். சைபர். மணல் லாரியை நிறுக்கிற மேடைக்கு இவர் மெடல் கொசுவுக்குச் சமம். வரிசையில் நின்ற டிரைவர், ஆளைக் கழித்துவிட்டு மெடலை மட்டும் வைத்துப் பார்க்கச் சொன்னான்.

மச்சான் விடவில்லை. மனைவியின் தம்பி, வாய் மட்டும் அவளுக்கு அண்ணன். காய்கறிக் கடைத் தராசில் நிறுத்து, செல்போனில் அன்றைய விலையைப் போட்டுப் பெருக்கி, பல் போக மிச்சத்தில் தனக்கொரு பழைய பைக்கும் மனசுக்குள்ளேயே வாங்கிவிட்டான். போன வருஷம் மெடலைப் பாலிஷ் போட்டுக் கொண்டுவந்ததும் அவன்தான் என்பதால், பங்கு உண்டு என்று வாதம்.

மூவரும் நகைக்கடைக்குப் போனார்கள். கடைக்காரர் மெடலின் ஓரத்தை உரைகல்லில் ஒரு இழுப்பு இழுத்தார். கல்லைப் பார்த்தார், இவரைப் பார்த்தார்.

“மாத்து இல்லீங்களே.”

நங்கூரத்தின் காதில் விழுந்தது பாதி. “மாத்திட்டாங்களா?” என்றவர் சட்டென்று மச்சான் பக்கம் திரும்பினார். “பாலிஷ் போடறேன்னு நீதானடா எடுத்துட்டுப் போனே?”

மச்சானுக்கு முகம் செத்துவிட்டது. மாத்து என்றால் தங்கத்தின் தரம், யாரும் எதையும் மாற்றினதாகத் தான் சொல்லவில்லை, இது முலாம் பூசின பித்தளை என்று கடைக்காரர் விளக்கினார். நங்கூரம் கேட்டால்தானே? மூழ்குகிறவனுக்குக் கட்டை கிடைத்திருக்கிறது. தங்கமாகத்தான் இருந்தது, திருடு போய்விட்டது. இதைவிடக் கௌரவமான கதை எங்கே கிடைக்கும்?

மச்சான் குரல் உடைந்தது. “மாமா, பைக்குக்குச் சேத்த காசு இருக்கு. அக்கா பல்லுக்கு நான் தரேன். ஆனா திருடன்னு சொன்னீங்கல்ல, அதை இங்கயே வாபஸ் வாங்குங்க.”

கடையில் எல்லாரும் பார்த்தார்கள். மனைவியின் உள்ளங்கை வாயில் இருந்தது. நங்கூரம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். கயிறு விட்டுப் பழக்கமில்லாத ஆள்.

“அவன் எதையும் மாத்தல” என்றார், கண்ணாடி மேஜையைப் பார்த்து. “மொதல்லேர்ந்தே பித்தளைதான். கல்யாணத்தப்பவும் பித்தளைதான்.”

“மெடலைச் சொல்றீங்களா, உங்களைச் சொல்றீங்களா?” என்றாள் மனைவி.

கேட்டுவிட்டு, தன் பேச்சுக்குத் தானே சிரித்தாள். கை எங்கே போயிற்றோ தெரியாது. ஓட்டை தெரிய, விசில் கலந்து, பழைய சத்தம். தராசுக் கண்ணாடி அதிர்ந்தது. மச்சான் மூக்கைத் துடைத்துக்கொண்டு, டாக்டரிடம் இன்றைக்கே போகலாமா என்று கேட்டான். நங்கூரத்துக்கு எதுவும் காதில் விழவில்லை. அவர் அந்த ஓட்டையை, கடைசித் தடவையாக, ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.