அமைதிப் பெட்டியில் பரனோவ் கோட்டை

இன்று டென்மார்க்கின் வைலே நகரிலிருந்து கோபன்ஹேகன் போகும் ரயிலில், பேசக் கூடாத அமைதிப் பெட்டியில் நானும் மனைவியும் இருந்தோம்.

எதிரே ஒரு போலந்துத் தாயும் பள்ளிக்கூட வயது மகளும். நாளை வகுப்பில் மகள் அம்மாவின் ஊரைப் பற்றிப் பேச வேண்டுமாம்.

"பரனோவ் ஒரு குட்டி ஊர். எல்லாரும் சிரிப்பினம். நான் ரோமைப் பற்றிக் கதைக்கப் போறன்," என்று டேனிஷில் முணுமுணுத்தாள். தாய் தலை குனிந்தார்.

போன கோடையில் பஸ் சுற்றுலாவில் அந்த ஊருக்குப் போயிருந்தோம். அதன் வரலாற்றை நான் முன்கூட்டியே ஒரு புத்தகத்தில் வாசித்தும் இருந்தேன். ஆனாலும் தயங்கினேன்.

மனைவிக்கு விளங்கிவிட்டது. "சும்மா இருங்கோப்பா. இஞ்சை கதைக்கக் கூடாது."

கதைத்துவிட்டேன்.

"பிள்ளை, உங்கடை ஊர்க் கோட்டை நானூறு வருசத்துக்கு மேலா நிக்குது. லெஷ்சின்ஸ்கி எண்ட பிரபு குடும்பம் இத்தாலிய பாணியிலை கட்டுவிச்சது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பக்கத்துக் கந்தகச் சுரங்கக்காரர்தான் அதைத் திருத்திக் காத்தவை."

தாய் நிமிர்ந்தார். "என்ரை அப்பாவும் அந்தச் சுரங்கத்திலைதான் வேலை செய்தவர்!"

"தாத்தாவா? ஏன் சொல்லேல்லை?" என்றாள் மகள்.

பக்கத்து இருக்கை டேனிஷ்காரர் அமைதிப் பலகையைக் காட்டினார். மன்னிப்புக் கேட்டேன்.

"முதல்லை கோட்டையை முடியுங்கோ, பிறகு அமைதி," என்றார் அந்த டேனிஷ்காரர்.

முடித்தேன். சிறுமி ரோமைக் கைவிட்டாள்.

இப்போது வீட்டில் புத்தகத்தை மறுபடியும் சரிபார்க்கிறேன். நான் சொன்னதில் பிழை கண்டவர்கள் காலைக்குள் எழுதுங்கள். திருத்தத்தைச் சொல்ல, தாயின் தொலைபேசி இலக்கத்தை மனைவிதான் வாங்கி வைத்திருக்கிறார்.