நூறாவது பிழை

அந்த வாரப் பாட்காஸ்டில் ஒரு பிழைகூட இல்லை என்று தெரிந்ததிலிருந்து கடைவாய்ப்பல்லுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கடைவாய்ப்பல் என்பது அவள் நிகழ்ச்சிக்கு எழுதும் கடிதங்களில் போடும் பெயர். பிழைப்பு, பொய்ப்பற்கள் செய்யும் பட்டறையில். மெழுகும் பிளாஸ்டரும் கையுமாக உட்கார்ந்தால் எட்டு மணி நேரம். எதிரே வரிசையாகத் தாடைகள் வாய் திறந்து காத்திருக்கும். அவை பேசாத குறையை இயர்போன் தீர்த்துவைக்கும். பழைய தொலைக்காட்சித் தொடர்கள், விளம்பரப் பாட்டுகள், யாருக்கும் எதற்கும் உதவாத துணுக்குகள் என்று இரண்டு நண்பர்கள் வாராவாரம் அலசுவார்கள். ஒருவருக்குக் கரகரத்த குரல். இன்னொருவர் தன் ஜோக்குக்குத் தானே முதலில் சிரிப்பவர்.

நேரில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாதவள், அவர்களுக்கு எழுதினால் பக்கம் போதாது. ஒருமுறை, ஒரு தொடரில் இரட்டையராக நடித்தது ஒரே நடிகை என்றார் கரகரத்தவர். 'ஒருத்தியின் இடது கோரைப்பல் உள்வாங்கியிருக்கிறது, மற்றவளுக்கு நேராக இருக்கிறது. வசனத்தை மாற்றலாம், பல்லை மாற்ற முடியாது' என்று எழுதிப்போட்டாள். விசாரித்தால், உண்மையிலேயே அக்காவும் தங்கையுமாம். அன்றிலிருந்து 'திருத்தங்கள்' பகுதியில் அவளுக்கு நிரந்தர இடம். இதுவரை தொண்ணூற்றொன்பது திருத்தங்கள்.

நூறு திருத்தம் கண்ட நேயருக்கு, நிகழ்ச்சியின் தொடக்க இசையை முழுவதுமாகப் போட்டுக் காட்டுவதாக அறிவித்திருந்தார்கள். வாராவாரம் அதைப் பதினோராவது நொடியில் வெட்டிக் கரகரத்தவர் பேச ஆரம்பித்துவிடுவார். அந்த இசை எப்படி முடிகிறது என்று இந்த உலகத்தில் ஒரு நேயருக்கும் தெரியாது. கடைவாய்ப்பல் அதைத் தூக்கத்தில் பல விதமாக முடித்துப் பார்த்திருக்கிறாள். ஒன்றும் சரியாக இல்லை.

இது இந்தப் பருவத்தின் கடைசி வாரம். புதன்கிழமைக்குள் கடிதம் போய்விட வேண்டும். வெள்ளிக்கிழமை திருத்தங்களை வாசித்துவிட்டுக் கடையை மூடிவிடுவார்கள்.

அவள் தேதிகளைச் சலித்தாள், எண்களைச் சலித்தாள், பாட்டுக்கு வாசித்தது புல்லாங்குழலா சீட்டியா என்று சலித்தாள். பேருந்து டிப்போவில் நேரம் குறிக்கும் கணவனும் நோட்டும் பேனாவுமாக வந்து உட்கார்ந்தான்.

"இருபத்திரண்டாவது நிமிஷத்துல அவர் ரெண்டு தடவை இருமுறார்," என்றான்.

"இருமுறது பிழை இல்லைங்க."

"ஒரு தடவை இருமினா பத்தாதா?"

மாமியார் மேசையருகே பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். "ஏம்மா, அந்த முதலாளியோட பல்லு இருக்கே..."

கடைவாய்ப்பல் உள்ளங்கையை உயர்த்தினாள். "ஒரு நிமிஷம் அத்தை. முப்பத்தேழுல இருக்கேன்."

அந்த வாரத்தில் மூன்று முறை மாமியார் வாய் திறந்தார். மூன்று முறையும் உள்ளங்கை உயர்ந்தது. பதினோரு முறை கேட்டு ஓய்ந்தபின், புதன்கிழமை மாலை அவள் ஒரே வரி எழுதி அனுப்பினாள்: 'இந்த வாரம் பிழை இல்லை. வாழ்த்துகள்.' அனுப்பிவிட்டு, சொந்தப் பல்லையே பிடுங்கிக் கொடுத்தவள்போல் தாடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை மூவரும் கூடத்தில் உட்கார்ந்து கேட்டார்கள். அவளுடைய ஒரு வரியைக் கரகரத்தவர் அஞ்சலிபோல் வாசித்தார். பிறகு, "ஆனா பொய்ப்பல்னு ஒரு புது நேயர் குரல் பதிவு அனுப்பியிருக்காங்க," என்றார். கணவன் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"ஐயா, வணக்கம். 'ஏழாவது மாடி' தொடர்ல முதலாளியா நடிச்சவரு முதல் நாள்லேர்ந்தே பல் செட்டோடதான் நடிச்சாருன்னு சொன்னீங்க. எண்பத்தெட்டாவது பகுதியில அவரு ஆஸ்பத்திரிக் கட்டில்ல உக்காந்து முழு ஆப்பிளை முன்பல்லால நறுக்குனு கடிப்பாரு. செட்டு போட்டவங்களால அப்படிக் கடிக்க முடியுமா? எனக்கும் செட்டுதான். என் மருமக செஞ்சது. நாலு வருஷமா ரொட்டியக்கூட ஓரமா ஒதுக்கித்தான் மெல்லுறேன். நல்ல பொண்ணு, அதான் சொல்லலை."

நிகழ்ச்சியில் ஒருவர் சிரித்தார். கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை.

முதலாளியின் பல் செட் பற்றிய அந்த வாக்கியத்தைப் பதினோரு முறை கேட்டவள்தான் கடைவாய்ப்பல். தான் கேட்டுக்கொண்டிருக்கும்போது பல் விஷயத்தில் தப்புச் சொல்ல எவருக்குத் துணிச்சல் வரும் என்று அதை மட்டும் சலிக்காமல் விட்டிருந்தாள்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே அத்தை."

"எங்க சொல்ல விட்டே? போலீஸ்காரர் மாதிரி கையைக் காட்டினே."

"நான் செட்டைப் பத்திக் கேக்குறேன்."

மாமியார் சற்று யோசித்தார். "மாட்டிவிட்டுட்டு 'எப்படி இருக்கு அத்தை'ன்னு கேட்டே. கண்ணு பூரா ஆசை. நல்லா இருக்குன்னுட்டேன். அப்புறம் எப்படி மாத்துறது?"

கடைவாய்ப்பல் ஃபோனில் பழைய தொடரைத் தேடி ஓட்டினாள். எண்பத்தெட்டாவது பகுதி ஆம்புலன்ஸ் சத்தத்தோடு முடிந்தது. ஆப்பிள் எண்பத்தொன்பதில் வந்தது. கண்ணாடி போட்டு, நிறுத்தி, மறுபடி பார்த்தாள்.

"எண்பத்தொன்பது," என்றாள் மெதுவாக.

கணவன் இதற்குள் திரும்பிவிட்டான். "அம்மா சொன்னது ஒலிபரப்பாயிடுச்சில்ல? அப்ப அது நிகழ்ச்சியோட பிழைதான். நாளை மதியம் வரைக்கும் எழுதலாம், அடுத்த பருவத்துல வாசிப்போம்னு இப்பதான் சொன்னாங்க."

"மாமியாரைத் திருத்தித்தான் உனக்கு நூறு ஆகணுமா?" என்றார் மாமியார். கடைவாய்ப்பல் தரையைப் பார்த்தாள். ஆனால் இல்லை என்று சொல்லவில்லை. மாமியார் செட்டைக் கழற்றி அவள் உள்ளங்கையில் வைத்தார். "முதல்ல இதைப் பாரு. அப்புறம் என்னமோ எழுதிக்கோ."

மறுநாள் காலை பட்டறையிலிருந்து, புது செட்டுக்கு அளவெடுக்கும் அச்சுத் தட்டும் ரோஸ் நிற மாவும் வந்தன. மாமியார் சமையலறை நாற்காலியில் தலை சாய்த்து உட்கார்ந்தார். குழைத்த மாவோடு தட்டை அவர் வாயில் அழுத்தி, "மூணு நிமிஷம் அசையாதீங்க, பேசாதீங்க," என்றாள் கடைவாய்ப்பல். அவளும் மூன்று நிமிடம் காத்திருக்க வேண்டும். ஒரு கையால் தட்டைப் பிடித்தபடி, மறு கையால் ஃபோனை எடுத்து எழுத ஆரம்பித்தாள்.

'பொய்ப்பல் அவர்கள் கூறிய ஆப்பிள் காட்சி சரி. பகுதி எண் தவறு. அது எண்பத்தெட்டு அல்ல...'

மாமியார் எட்டிப் பார்த்தார். பேச வழியில்லை. இரண்டு கைகளையும் தூக்கி எட்டு விரல்களைக் காட்டினார். மடக்கினார். மறுபடியும் எட்டு விரல்களைக் காட்டினார்.

"அசையாதீங்க அத்தை," என்று சொல்லிவிட்டு அவள் அனுப்பும் பொத்தானை அழுத்தினாள்.