பிரஷுக்கும் தலைக்கு ஊற்றிய வெள்ளிக்கிழமை

என் கணவரின் அக்கா பினாங்கிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்தபோது, அவருடைய பவுடர் பிரஷ் என் நிம்மதியைக் கெடுத்தது. அணில் முடியில் செய்தது, மெத்தென்றிருக்கும். மாலையானால் தம் கன்னத்தில் ஒரு தடவு, உடனே என் கைக்குழந்தையான மகளின் கன்னத்திலும் கழுத்திலும் ஒரு தடவு. அவள் கழுத்தில் சிவப்பாகப் பொரிந்ததும், பிரஷ்தான் காரணம் என்று முடிவு கட்டினேன். சுகாதாரப் பாடத்தில் நல்ல மார்க் வாங்கியவள் அல்லவா? ஆனால் மூத்த நாத்தனாரிடம் அதைச் சொல்ல அந்தப் படிப்பு உதவவில்லை.

அவர் திருமயம் கோயிலுக்கு பஸ் ஏறிய வெள்ளிக்கிழமை பிரஷைக் கையில் எடுத்தேன். புத்தகப்படி கொதிநீரில் போட வேண்டும். போட்டால் பசை இளகி, கைப்பிடிதான் மிஞ்சும். ஆஸ்பத்திரியில் கரைக்கும் ஊதா உப்பைப் போட்டால் கிருமி போகும், ஆனால் முடியில் கறை ஏறிவிடும். முடிதானே, முடிக்குச் செய்வதையே செய்வோம் என்று துணிந்தேன்.

மகளுக்குத் தலைக்கு ஊற்றி, சளி பிடிக்குமோ என்று எப்போதும்போல் கம்பளிச் சட்டை மாட்டிவிட்டு, அடுத்து பிரஷை உட்கார்த்தினேன். பூந்திக்கொட்டை நுரையை வடிகட்டி வெந்நீரில் விளாவி, பசைப்பக்கம் தண்ணீர் ஏறாமல் கவிழ்த்துப் பிடித்து நுனியை மட்டும் அலசினேன். மல் துணியில் ஒற்றி, தொட்டில் கயிற்றில் தலைகீழாகக் கட்டினேன். அத்தோடு விட்டிருக்கலாம். கிருமி செத்ததா என்று யாரைக் கேட்பது? மகளின் தலைக்குக் காட்டி மிச்சமிருந்த சாம்பிராணிப் புகையையும் காட்டினேன்.

காட்டிக்கொண்டிருக்கும்போதே கோயிலிலிருந்து நாத்தனார் வந்து நின்றார்.

"என்ன புள்ள, இதுக்கும் தலைக்கு ஊத்துனியா?"

"பிள்ளைக்கு ஊத்துனேன் மதினி, அப்படியே..."

"ஒரு பொட்டும் வச்சு விட வேண்டியதுதான."

காய்ந்ததும் உள்ளங்கையில் தட்டிப் பார்த்தார். ஒரு முடி உதிரவில்லை. முன்னைவிட மெத்தென்று இருக்கிறது என்றார். நான் பூரித்து முடிப்பதற்குள், அதே பழைய பவுடர் டப்பாவில் அதை முக்கித் தம் கன்னத்தில் தடவிக்கொண்டார். டப்பாவை நான் நினைக்கவே இல்லை.

பிரஷ் மகளை நோக்கி வந்தது. என் படிப்பையெல்லாம் திரட்டி ஒரு வாக்கியம் சொன்னேன்.

"கழுத்துல மட்டும் வேண்டாம் மதினி, பொரிஞ்சிருக்கு."

"அது வேர்க்குரு. இந்த வெயில்ல கம்பளியப் போட்டு மூடி வச்சா வேற என்ன வரும்?"

சட்டையைக் கழற்றினேன். இரண்டொரு நாளில் கழுத்து தெளிந்தது. வெள்ளிதோறும் பிரஷுக்குத் தலைக்கு ஊற்றும் வேலை மட்டும், அவர் கப்பல் ஏறும்வரை என்னுடையதாகவே இருந்தது.