அடுத்த நாட்டு ஆறும் அக்கா வீட்டுக் கிணறும்

யாரையும் கோபப்படுத்தாமல் பேசுவதற்கென்றே ஆள் எடுக்கிற உத்தியோகம், என்னுடைய வெளியுறவுத் துறை உத்தியோகம். மேலிடத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் சிரித்துவைக்கிற உங்களுக்கு இது புரியும்.

கிணறு

எழுபதுகளின் கடைசியில், பல நாடுகள் வழியாக ஓடும் ஆறுகளை யாரும் கெடுக்கக் கூடாது என்று வெளிநாட்டு மாநாடு ஒன்றில் பேசிவிட்டு லீவில் வந்திருந்தேன். என் அக்கா ருக்மணியைக் கட்டிக்கொடுத்த ஊர் ராசிபுரத்துக்குப் பக்கம். காடு என்று அங்கே சொல்கிற அவர்கள் விவசாய நிலத்தை ஒட்டி ஜவ்வரிசி ஆலை வந்திருந்தது. மரவள்ளிக்கிழங்கு அரைத்த கழிவுநீர் ஓடை வழியாக வந்து கிணற்றில் இறங்கி, தண்ணீர் புளித்து நாறியது. மாடுகள் மோந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டன. அக்கா குடத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அடுத்த நாட்டு ஆத்துக்கெல்லாம் பேசறியாமா சாமி, அடுத்த காட்டுக்காரங்ககிட்ட எனக்கோசரம் ஒரு வார்த்தை பேச மாட்டியா?"

பேச்சுவார்த்தை

பேசினேன். ஆலை முதலாளி வாசல்வரை வந்து அழைத்துப்போய்க் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். குழி வெட்டிக் கழிவுநீரைத் தேக்கலாம், ஓடையைத் திருப்பிவிடலாம் என்று நான் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார். எதிர்த்து ஒரு சொல் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. இப்படித் தலையாட்டுகிறவர்களை மாநாடுகளில் நிறையப் பார்த்திருக்கிறேன். வழியனுப்பும்போது கும்பிட்டுச் சொன்னார்:

"நீங்க பேசறதைக் கேட்டுக்கிட்டே இருக்கலாமுங்க. அடுத்த லீவுக்கும் கட்டாயம் வாங்க."

மச்சான்

கழிவுநீர் நிற்கவில்லை. அக்கா வீட்டுக்காரர், நான் மச்சான் என்று கூப்பிடுகிறவர், பக்கத்துக் காட்டுக்காரர்களோடு சேர்ந்து ஓடையை மண் போட்டு அடைத்தார். ஆலைக்காரர் புகார் கொடுக்க, போலீஸ் மச்சானைக் கொண்டுபோனது. திரும்பி வந்தவருக்கு வலது காது கேட்கவில்லை.

அப்போது நான் மனித உரிமைப் பிரிவுக்கு மாற்றலாகியிருந்தேன். காவலில் யாரையும் அடிக்கக் கூடாது என்று உலகத்துக்கே ஒப்பந்த வாசகம் எழுதுகிற குழுவில் உட்கார்ந்திருந்தேன். லீவு போட்டு ஓடிவந்து, கோர்ட்டுக்குப் போகலாம், வக்கீலை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவருடைய இடது பக்கம் உட்கார்ந்து கெஞ்சினேன். மச்சான் கோபப்படவில்லை.

"நீ ஏரோப்பிளேன் ஏறிப் போயிருவே மாப்ள. நாங்க இங்கயே குடியிருக்கோணுமல்ல?"

குழாய்த் தண்ணீர்

அந்த வாசகத்தை நாடுகள் ஏற்றுக்கொண்ட அன்று, மண்டபத்தில் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

அடுத்த முறை வந்தபோது அக்கா காட்டில் கிழங்கு லாரிகள் நின்றன. நிலத்தை ஆலைக்காரருக்கே விற்றுவிட்டு, நாமக்கல்லில் வாடகை வீட்டில் இருந்தார்கள். மச்சான் தெருவைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். வலது பக்கமிருந்து நான் கூப்பிட்டது அவருக்குக் கேட்கவில்லை. அக்கா சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்றேன்.

"நல்லாத்தான் இருக்குது சாமி. குழாயைத் தொறந்தா வந்துருது. யாருகிட்டயும் பேச வேண்டியதில்லை."

எங்கள் உத்தியோகத்தில், எவ்வளவு தூரத்து ஜனங்களுக்காகப் பேசுகிறோமோ அவ்வளவு மரியாதை கிடைக்கிறது.